பிடிஎஸ்டியும் மனச்சோர்வும் மூளையில் ஒரே கோளாறுதானா? கார்டிசால் டெஸ்ட், ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா?

பிடிஎஸ்டி என்பது பெரிய அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு. அதுவும் மனச்சோர்வும் ஒன்றல்ல. ஆனால் பாதிக்கப்படும் மூளைப் பகுதிகள் பெரும்பாலும் ஒன்றேதான், குழப்பம் அங்கேதான் வருகிறது. பிடிஎஸ்டி உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வும் சேர்ந்தே இருக்கிறது. டெஸ்ட் பற்றிய கேள்விக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒருவருக்கு இரண்டில் எது இருக்கிறது என்று பிரித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனையோ எம்ஆர்ஐயோ இன்றுவரை கிடையாது. ஆய்வுகளில் வரும் வண்ணப் படங்கள் பலபேருடைய சராசரி. உங்கள் தனி ஸ்கேனில் அந்த வித்தியாசம் தெரியாது.

மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோனான கார்டிசாலைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். நெருக்கடி வந்ததும் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் சிஆர்எச் என்ற ஹார்மோனை விடுகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்ப, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசாலைக் கொட்டுகிறது. கார்டிசால் ரத்தத்தில் ஏறியதும் திரும்பிப் போய் ஹைப்போதலாமஸையும் பிட்யூட்டரியையும் 'போதும்' என்று அடக்குகிறது. கடுமையான மனச்சோர்வில் பலருக்கு இந்த அடக்கும் திறன் தளர்ந்துபோகிறது. இரவு 11 மணிக்கு, கார்டிசாலைப் போலவே 'போதும்' என்று சொல்லும் செயற்கை ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோனை 1 மி.கி. கொடுத்துவிட்டு மறுநாள் அளந்தால், இறங்கியிருக்க வேண்டிய கார்டிசால் இறங்காமல் நிற்கும். பிடிஎஸ்டியில் இதற்கு நேர்மாறு. 1990களில் ஆய்வாளர் ரேச்சல் யெஹூடாவின் குழு வியட்நாம் போருக்குப் போய்வந்த வீரர்களுக்கு அதே மருந்தை வெறும் 0.5 மி.கி. கொடுத்துப் பார்த்தபோது, பிடிஎஸ்டி உள்ளவர்களுக்குக் கார்டிசால் வழக்கத்தைவிட அதிகமாகச் சரிந்தது. அதாவது அடக்கும் உணர்திறன் கூடிப்போயிருக்கிறது. இத்தனைக்கும் முதுகுத் தண்டு நீரில் சிஆர்எச் அளவு இரண்டு நோயிலுமே உயர்ந்திருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. மேலிருந்து வரும் உத்தரவு இரண்டிலும் அதிகம், பிரேக் பிடிக்கும் விதம்தான் வேறு.

அப்படியானால் இதையே டெஸ்ட்டாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. கார்டிசால் காலையில் உச்சத்திலும் நள்ளிரவில் அடியிலும் இருக்கும். தூக்கம் கெட்டால் மாறும். கருத்தடை மாத்திரை எடுத்தால் கூடுதலாகக் காட்டும், ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தால் குறையலாம். இரண்டு நோயும் சேர்ந்திருப்பவருக்கு ஒன்று மேலே இழுக்க, மற்றது கீழே இழுக்க, ரிப்போர்ட் 'நார்மல்' என்று வரவும் வாய்ப்புண்டு. எனவே நார்மல் ரிப்போர்ட்டைக் காட்டி 'உனக்கு ஒன்றுமில்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'கார்டிசாலைக் குறைக்கும்' என்று விளம்பரம் செய்து விற்கும் பொடி, மாத்திரைகளையும் விட்டுவிடுங்கள். பிடிஎஸ்டியில் சிலருக்குக் கார்டிசால் ஏற்கெனவே குறைவாகத்தான் இருக்கிறது.

பிடிஎஸ்டியின் மையச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆபத்து நேர்ந்த கணத்தில் இருந்த சத்தம், வாசனை, வெளிச்சம் எல்லாவற்றையும் மூளையில் ஆபத்தை உணரும் பகுதியான அமிக்டலா ஆபத்தோடு முடிச்சுப் போட்டுவிடுகிறது. எல்லோருக்கும் இது நடக்கும். பிறகு அதே சத்தம் பலமுறை கேட்டும் எதுவும் நடக்கவில்லை என்றால், நெற்றிக்குப் பின்னால் கீழ்ப்பகுதியில் இருக்கும் ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ் 'இப்போது ஆபத்தில்லை' என்று கற்றுக்கொண்டு அமிக்டலாவை அடக்கும். பிடிஎஸ்டியில் இந்த அடக்கும் பகுதி மந்தமாகவும் அமிக்டலா மிகை விழிப்பிலும் இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. (ஒரு விதிவிலக்கு: தன் உடம்பே தன்னுடையதல்ல என்பதுபோல் விலகிப்போகும் வகையினரிடம் ப்ரீஃப்ரன்டல் பகுதி அளவுக்கு மீறி அடக்குகிறது.)

பயம் தணிவதென்றால் பழைய நினைவு அழிவதில்லை. அதன் மேல் 'இது பாதுகாப்பானது' என்ற புதிய நினைவு எழுதப்படுகிறது, அவ்வளவே. அந்தப் புதிய நினைவு எங்கே கற்றோமோ அந்த இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். இட உணர்வைத் தருவது ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதி. அதனால்தான் சிகிச்சை அறையில் அமைதியாக இருப்பவர் வெளியே வந்ததும் நடுங்குகிறார், பல மாதங்கள் கழித்துப் பயம் திரும்புகிறது.

ஹிப்போகாம்பஸ் சிறுத்திருப்பது இரண்டு நோயிலும் காணப்படுகிறது. அதிர்ச்சிதான் அதைச் சுருக்கிவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். 2002ல் வெளியான ஒரு இரட்டையர் ஆய்வு இதைச் சந்தேகிக்க வைத்தது: வியட்நாமில் போரிட்டுப் பிடிஎஸ்டி வந்தவர்களுக்கு மட்டுமல்ல, போருக்கே போகாத அவர்களுடைய ஒத்த இரட்டையர்களுக்கும் ஹிப்போகாம்பஸ் சிறிதாக இருந்தது. இந்தச் சிறுத்தலில் ஒரு பங்கு அதிர்ச்சிக்கு முன்பே இருந்த பலவீனமாக இருக்கலாம். 'என் மூளை அழிந்துவிட்டது' என்று பயப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மனச்சோர்வில் முதன்மையாகத் தளர்வது வெகுமதியை உணரும் மூளைப் பகுதியான வென்ட்ரல் ஸ்ட்ரியேட்டம். பிடித்தது நடந்தாலும் அது மங்கலாகத்தான் எழும்புகிறது. கூடவே 25ஆம் பகுதி எனப்படும், மூளையின் நடுப்பக்கமுள்ள சிங்குலேட்டின் கீழ்ப்பகுதி ஓயாமல் இயங்கி, தன்னைப் பற்றிய சுழல் சிந்தனையை ஓட்டிக்கொண்டே இருக்கிறது. உடலின் அழற்சிக்கும் இதில் பங்குண்டு: ஹெபடைடிஸ் சி நோய்க்கு, அழற்சியைத் தூண்டக்கூடிய இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஊசி போட்டவர்களில் கணிசமானவர்களுக்கு மனச்சோர்வு வந்தது. 'செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருள் குறைந்துவிட்டது' என்ற விளக்கம் மட்டும் போதாது. மாத்திரை செரோடோனினைச் சில மணி நேரத்தில் கூட்டினாலும் மனம் தேற வாரங்கள் ஆகின்றன. நரம்பிணைப்புகள் மெல்லச் சீரமைவதுதான் காரணம் என்பது இன்றைய வலுவான ஊகம்.

சிகிச்சை எங்கே கெட்டுப்போகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். பயந்ததைப் படிப்படியாக எதிர்கொள்ளும் எக்ஸ்போஷர் தெரபி பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். பயம் உச்சத்தில் இருக்கும்போதே எழுந்து ஓடினால், 'ஓடியதால் தப்பித்தேன்' என்றுதான் மூளை கற்கும். அறையில் செய்ததை வெளியே வெவ்வேறு இடங்களில் செய்யாவிட்டால் பலன் அறையோடு நின்றுவிடும். அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் அந்த நேரத்துக்கு நிம்மதி தரும், ஆனால் புதிய பாதுகாப்பு நினைவு பதிவதைக் கெடுக்கலாம். பிடிஎஸ்டிக்கு இவற்றை முக்கியமான வழிகாட்டு நெறிகள் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே தினமும் எடுப்பவர் திடீரென நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்படி மெல்லக் குறைக்க வேண்டும்.

மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலின் இரண்டுக்கும் பயன்படும். பிடிஎஸ்டிக்குப் பொதுவாக 25 மி.கி.யில் தொடங்கி ஒரு வாரத்தில் 50 ஆக்குவார்கள், உச்ச அளவு 200. முதல் இரண்டு வாரம் வயிற்றுப் பிரட்டலும் பதற்றமும் வரலாம். அங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சரியான அளவில் குறைந்தது 6 முதல் 8 வாரம் ஓடாமல் 'வேலை செய்யவில்லை' என்று முடிவுகட்ட முடியாது. கொடுங்கனவுக்கு, விழிப்பூட்டும் ஹார்மோனான நார்அட்ரினலினின் ஆல்ஃபா-1 ஏற்பியைத் தடுக்கும் பிராசோசின் தரப்படுவதுண்டு. 2018ல் வந்த பெரிய ஆய்வில் அது வெற்று மாத்திரையை விஞ்சவில்லை என்றாலும் சிலருக்கு உதவுகிறது. படுக்கும்போது 1 மி.கி.யில்தான் தொடங்குவார்கள், முதல் டோஸில் ரத்த அழுத்தம் சரிந்து எழுந்தவுடன் விழ வாய்ப்புண்டு.

மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறது என்பதற்காக அதிர்ச்சிக்கான சிகிச்சையைத் தள்ளிப்போடத் தேவையில்லை, பல நேரம் இரண்டும் சேர்ந்தே குறைகின்றன. மருத்துவரிடம் போகும்போது ஸ்கேன் ஃபைலைவிட இந்த விவரங்கள் உதவும்: கனவு எத்தனை இரவு வருகிறது, எந்த இடங்களைத் தவிர்க்கிறீர்கள், பிடித்த விஷயத்தில் இன்னும் கொஞ்சமாவது மகிழ்ச்சி வருகிறதா, நிகழ்வுக்கு முன்பே சோர்வு இருந்ததா, எப்போதாவது தூங்காமலே உற்சாகம் பொங்கிய நாட்கள் உண்டா. கடைசிக் கேள்வி முக்கியம். அது பைபோலாராக (உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோயாக) இருந்தால் செர்ட்ராலின் மட்டும் கொடுப்பது நிலைமையை மோசமாக்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துபோகிறது என்றால் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.