வாரச் சமையலை ஒரே நாளில் முடிக்க வேண்டாம்

கேள்வி: படிப்புக்காக அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஒரு இண்டக்ஷன் அடுப்பு, ஒரு ரைஸ் குக்கர் இருக்கின்றன. ஃப்ரிட்ஜை மூன்று பேர் பகிர்ந்துகொள்கிறோம். செலவைக் குறைக்க ஞாயிற்றுக்கிழமையே வாரம் முழுவதற்கும் சமைத்து டப்பாக்களில் அடைத்து வைக்கிறேன். புதன்கிழமை வந்தால் அதைச் சாப்பிடவே பிடிப்பதில்லை, சில நேரம் கெட்டும் போய்விடுகிறது. மறுபடி வெளியில் வாங்கிச் சாப்பிடுகிறேன். எப்படித் திட்டமிடுவது?

பதில்: நீங்கள் ஒன்றை மாற்றினாலே போதும். ஞாயிற்றுக்கிழமை முழுச் சாப்பாடாகச் செய்து அடைக்காதீர்கள். நேரம் பிடிக்கிற வேலைகளை மட்டும் அன்று முடித்துவிட்டு, அவற்றைச் சாப்பாடாகச் சேர்ப்பதை அந்தந்த நாளில் செய்யுங்கள். ஒரே பதார்த்தத்தை ஐந்து நாள் சாப்பிட யாராலும் முடியாது. டப்பா நிறையச் சாப்பாடு இருந்தும் வெளியில் வாங்குவதற்குச் சோம்பலைவிட இந்தச் சலிப்புதான் பெரிய காரணம்.

சமையலில் உண்மையில் நேரத்தைத் தின்பவை இரண்டுதான்: பயறுகளை வேகவைப்பது, வெங்காயத்தை நறுக்கி வதக்குவது. அரிசியைக் கழுவி ரைஸ் குக்கரில் போட்டுவிட்டு நீங்கள் படிக்கப் போகலாம். முட்டையும் பாஸ்தாவும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். ஆகவே அந்த இரண்டையும் மட்டும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

வெங்காயத்திலிருந்து தொடங்குகிறேன். நடுத்தர அளவில் ஆறு வெங்காயம், ஆறு தக்காளி, ஒரு முழுப் பூண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான பாத்திரத்தில் நான்கைந்து மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, நறுக்கிய வெங்காயத்தோடு ஒரு சிட்டிகை உப்பையும் போடுங்கள். உப்பு வெங்காயத்திலுள்ள நீரை வெளியே இழுப்பதால் சீக்கிரம் கருகாது. நடுத்தரச் சூட்டில் இருபது நிமிடம் ஆகும். முதலில் நீர்விட்டுச் சத்தமாகக் கொதிக்கும், அப்புறம் சத்தம் அடங்கி ஓரங்கள் பொன்னிறமாகத் தொடங்கும். அடியில் ஒட்டினால் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுச் சுரண்டிக் கிளறுங்கள். ஒட்டியிருக்கும் அந்தப் பழுப்பில்தான் ருசி இருக்கிறது. பிறகு பூண்டு, ஒரு நிமிடம் கழித்துத் தக்காளி. தக்காளி கரைந்து, நீர் வற்றி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்போது இறக்குங்கள். இதில் மசாலா எதுவும் சேர்க்காதீர்கள். மசாலா போட்டுவிட்டால் வாரம் முழுக்க ஒரே ருசியில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒரு வேளைக்கு இதில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். ஒரு நாள் மிளகுத்தூள் சேர்த்துச் சூடாக்கி அதிலேயே இரண்டு முட்டை உடைத்து ஊற்றி மூடி வையுங்கள். மறுநாள் வெந்த பாஸ்தாவோடு கிளறுங்கள். இன்னொரு நாள் வேகவைத்த கொண்டைக்கடலையும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் போட்டுக் கொதிக்கவிடுங்கள். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான், ஆனால் தட்டில் வருவது வேறு வேறு சாப்பாடு. மூன்று நாளுக்கு வேண்டியதை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிடுங்கள். கட்டிகளை எடுத்து ஒரு பையில் போட்டு வைத்தால் வேண்டும்போது இரண்டு எடுத்துச் சட்டியில் போட வேண்டியதுதான்.

அடுத்தது பயறு. செலவு குறைய வேண்டுமென்றால் புரதத்துக்கு நம்ப வேண்டியது இதைத்தான். உலர்ந்த பருப்பு வகைகளில் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். டப்பாவில் வரும் வெந்த கொண்டைக்கடலையைவிட உலர்ந்ததை வாங்குவது மலிவு, ஒரு கப் உலர்ந்த கடலை வெந்தால் இரண்டரையிலிருந்து மூன்று கப் வரும். சனி இரவே நிறையத் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டு ஊறவைத்துவிடுங்கள். உப்பு தோலை மென்மையாக்கும். பிரஷர் குக்கர் இருந்தால் சீக்கிரம் வெந்துவிடும், திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். வேகும்போது தக்காளியோ எலுமிச்சையோ சேர்க்கவே கூடாது. புளிப்பு இருந்தால் கடலை மணிக்கணக்கில் கொதித்தாலும் விறைப்பாகவே இருக்கும். ஊறவைக்க மறந்துவிட்டால் உடைத்த மசூர் பருப்பைப் போடுங்கள், ஊறவே வேண்டாம், இருபது நிமிடத்தில் குழைந்துவிடும்.

ராஜ்மா வாங்கினால் ஒரு எச்சரிக்கை. வேகாத ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப்பொருள் அதிகம். கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்க வைத்து, பிறகு மெத்தென்று வேகும்வரை விடுங்கள். கொதிநிலையை எட்டாத ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடுவது ஆபத்து.

இப்போது சோறு. அதை முன்கூட்டியே சமைத்து வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அரிசியில் பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம், அவை கொதித்தாலும் சாவதில்லை. வெந்த சோறு அறைச் சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. உங்கள் டப்பாக்கள் கெட்டுப்போவதாகச் சொல்கிறீர்களே, ரைஸ் குக்கரை அணைத்துவிட்டுச் சோற்றை அதிலேயே இரவுவரை விடுகிறீர்களா என்று பாருங்கள். தேவைக்கு அன்றன்றே வையுங்கள். மீந்தால் அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் சோறு விறைத்துப்போவது மாவுச்சத்து இறுகுவதால்தான். ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்து, மூடி, ஆவி பறக்கச் சூடாக்கினால் பழைய பதத்துக்கு வந்துவிடும்.

மற்ற உணவுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஆழமான பாத்திரத்தில் நிறைய வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும். தட்டையான சிறு டப்பாக்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். ஃப்ரிட்ஜ் 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. மூன்று பேர் மாற்றி மாற்றித் திறக்கிற ஃப்ரிட்ஜில் கதவுத் தட்டுதான் அதிகம் சூடேறும் இடம், அதனால் உங்கள் டப்பாக்களை உள்பக்கமாகத் தள்ளி வையுங்கள். மூடியில் தேதி எழுதி ஒட்டுங்கள். சமைத்த எதுவும் மூன்று, மிஞ்சினால் நான்கு நாள். அதற்கு மேல் வேண்டியது ஃப்ரீசருக்குப் போகட்டும். ஞாயிறு சமைத்ததை வெள்ளிவரை ஃப்ரிட்ஜில் இழுக்காமல், புதன் மாலை அரை மணி நேரம் இன்னொரு முறை சமையுங்கள்.

காய்கறியில் பணம் போவது வாங்கும் விலையைவிட அழுகித் தூக்கிப் போடுவதில்தான். கீரையை முதல் இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். முட்டைக்கோஸும் கேரட்டும் இரண்டு வாரம்கூடத் தாங்கும், அவற்றை வாரக்கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். முட்டைக்கோஸை முழுசாக வாங்கி மேலிருந்து இதழ் இதழாக உரித்துப் பயன்படுத்துங்கள், வெட்டிய பக்கம் கறுக்காது. மலிவு என்று பெரிய பையாக வாங்குவது அரிசிக்கும் பருப்புக்கும் சரி, காய்க்குச் சரிவராது.

தேர்வு வாரத்துக்குத் தனி ஏற்பாடு தேவை. அதற்கு முந்தைய இரண்டு வாரமும் சமைக்கிற கொண்டைக்கடலையிலும் பருப்பிலும் ஒரு டப்பா அதிகம் செய்து ஃப்ரீசரில் போட்டுக்கொண்டே வாருங்கள். உருளைக்கிழங்கு போட்டவற்றை உறைய வைக்காதீர்கள், இளகும்போது சொரசொரவென்று ஆகிவிடும். அவித்த முட்டையும் ஃப்ரீசருக்கு ஆகாது, வெள்ளைக்கரு ரப்பர் போலாகும். ஆனால் மற்றச் சமைத்த உணவைப் போலில்லாமல், தோல் உரிக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் அது மட்டும் ஒரு வாரம் தாங்கும். எந்த டப்பா வேண்டுமோ அதை முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றி வைத்து, சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து, நடுவில் ஒருமுறை கிளறி, நன்றாகக் கொதிக்க விட்டுச் சாப்பிடுங்கள். ஒருமுறை சூடாக்கியதைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம்.