பறப்பவரும் பிடிப்பவரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெக்சிகோவின் முகமூடி மல்யுத்தமான லூச்சா லிப்ரே பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, மெக்சிகோ நகரின் அரேனா மெஹிகோ அரங்கில் நடக்கும் வெள்ளிக்கிழமை ஆட்டங்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். டபிள்யூ.டபிள்யூ.இ. பார்த்து, ட்ரம்ப் கார்டு விளையாடி வளர்ந்த தலைமுறை நாங்கள். முகமூடி என்றால் ரே மிஸ்டீரியோ, அவ்வளவுதான் தெரியும். இப்போது அதன் ஊற்றுக்கே வந்துவிட்ட மகிழ்ச்சி. வண்ணங்கள், கூட்டத்தின் கூச்சல், காற்றில் சுழன்று வரும் உடல்கள், எல்லாமே பிடித்திருக்கிறது.

மூன்று சந்தேகங்கள். ஒருவர் கயிறு தாண்டிப் பாயும்போது கீழே நிற்பவர் ஏன் விலகாமல் காத்து நிற்கிறார்? அந்த ஒரு நொடியில் எல்லாம் பொய் என்று தோன்றிவிடுகிறது. மூன்றுக்கு மூன்று பேர் மோதும் ஆட்டத்தில் யார், எப்படி வென்றார்கள் என்றே பிடிபடவில்லை. கூட்டாளியின் கையைத் தொடாமலே ஆள் மாறிவிடுகிறார்கள். கடைசியாக, ஒரு துணி முகமூடியைக் கழற்றினால் அரங்கமே ஏன் அழுகிறது?

அன்புடன்,
எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

மூன்று கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான், அது உங்கள் முதல் கேள்வியிலேயே இருக்கிறது. நீங்கள் பறப்பவரைப் பார்க்கிறீர்கள். புதிதாகப் பார்க்க வரும் எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். இனி சில ஆட்டங்களுக்கு அவரை விட்டுவிட்டு, அவரைப் பிடிப்பவர் மீது கண்ணை வையுங்கள்.

டோப்பே சுயிசிடா என்ற பாய்ச்சலை எடுத்துக்கொள்வோம். ஆட்டக்காரர் எதிர்ப்பக்கக் கயிற்றில் முதுகைக் கொடுத்து வேகம் எடுத்து ஓடிவந்து, மேல் கயிற்றுக்கும் நடுக் கயிற்றுக்கும் இடையே தலையை முன்னால் நீட்டி வெளியே பாய்கிறார். மேடையின் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். கீழே இருப்பது வெறும் தரை. பிடிப்பவர் மார்பு உயரத்தில் இரு கைகளையும் விரித்து, வருபவரின் தலை தன் தோளுக்குப் பக்கவாட்டில் போகும்படி உடலைத் திருப்பி, அக்குளுக்குக் கீழே வாங்கி, அந்த வேகத்தோடு தானும் பின்னால் சாய வேண்டும். இருவர் எடையும் அவர் முதுகின் மீது இறங்குகிறது. விறைத்து நின்றால் வருபவரின் கழுத்து மடங்கும். ஓர் அடி பின்னால் போனால் பாய்பவர் தரையில் முகம் குப்புற விழுவார். மிக அருகில் நின்றால் பாய்பவரின் கால் கயிற்றைத் தாண்டுவதற்குள் மோதல் நிகழ்ந்துவிடும். கால் கயிற்றில் மாட்டினால் உடல் நேராக வராது, தலைகீழாகக் கவிழும். 2019 அக்டோபரில் மான்டெரேயில் டிரிப்பிள் ஏ என்ற மல்யுத்த நிறுவனத்தின் ஆட்டக்காரர் லா பார்க்கா இப்படி வெளியே பாய்ந்தபோது குறி தவறியது. தலையும் கழுத்தும் அடிபட்டு, 2020 ஜனவரியில் இறந்துபோனார்.

ஆகவே அவர் விலகாமல் நிற்பது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த நிற்றலை எவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்பதில்தான் தரம் தெரியும். சுமாரான ஆள் கையைத் தூக்கிக்கொண்டு மேலே பார்த்தபடி நிற்பார். உங்களுக்குப் பொய் என்று தோன்றியது அங்கேதான். தேர்ந்த ஆள் அடி வாங்கி வெளியே விழுந்து, கூட்டத்தில் யாரிடமோ சண்டை பிடித்து, முழங்காலை ஊன்றி எழுந்து, தலையைத் திருப்பும் அதே நொடியில் எதிராளி அவர் மார்பில் வந்து மோதுவார். காத்திருந்த நேரம் முழுவதும் வேறு வேலையாக மாறியிருக்கும். உல்டிமோ கெர்ரேரோவின் ஆட்டத்தை இதற்காகவே பார்க்கலாம். 2004க்குப் பிறகு, பறப்பதில் பேர்போன மிஸ்டிகோ அரேனா மெஹிகோவை நிரப்பிய காலத்தில் அவருக்கு எதிரே அவெர்னோ அடிக்கடி நின்றார். மிஸ்டிகோவின் சுழற்சிகள் அத்தனை அழகாகத் தெரிந்ததில் அவெர்னோவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தப் பிடிக்கும் வேலை பெரும்பாலும் ரூடோக்களுடையது. லூச்சா லிப்ரேயில் இரண்டு கட்சிகள்: விதிப்படி ஆடும் டெக்னிகோ, விதியை மீறும் ரூடோ. ரூடோவை வில்லன் என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதி ஆட்டம் கைநழுவிப் போகும். எப்போது வேகம் கூட்டுவது, எப்போது நிறுத்தி மூச்சு வாங்க விடுவது, கூட்டம் எப்போது கத்த வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் அவர் கையில். மெக்சிகோ முழுவதும் புனிதராகக் கொண்டாடிய எல் சான்டோவே 1942இல் அந்தப் பெயரோடு மேடையேறி, 1960களின் தொடக்கம் வரை ரூடோவாகத்தான் ஆடினார். அரேனா மெஹிகோவில் ரூடோக்களுக்கென்றே கத்தும் ஒரு பெருங்கூட்டம் எப்போதும் உண்டு. அவர்களுக்குக் கெட்டவன் மேல் ஆசை என்று நினைக்காதீர்கள். ஆட்டத்தை யார் கட்டுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

அமெரிக்க மல்யுத்தம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இன்னும் இரண்டு வித்தியாசங்கள் உறுத்தியிருக்கும். அங்கே பிடிகளை உடலின் இடப்பக்கம் போடுவார்கள், மெக்சிகோவில் வலப்பக்கம். அதனால் எல்லாமே கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும். இன்னொன்று, விழும் முறை. மெக்சிகோவின் மேடைகள் வழக்கமாகக் கடினமானவை. மரப்பலகை மேல் மெல்லிய மெத்தை, அதன் மேல் துணி. முதுகை அகல விரித்து அதில் திரும்பத் திரும்ப விழுந்தால் எலும்பு தாங்காது. அதனால் விழும்போதே தோளில் வாங்கி உருண்டு, அந்த உருளலிலேயே எழுந்துவிடுகிறார்கள். இந்த விளையாட்டுக்கே உரிய ஓட்டம் போன்ற வேகம் பெரும்பாலும் அதிலிருந்து வருகிறது.

இனி மூன்றுக்கு மூன்று. பொதுவாக மூன்று சுற்று, இரண்டை வென்ற அணிக்கு வெற்றி. ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவர் உண்டு. ஒரு சுற்றை வெல்ல இரண்டு வழிகள்: எதிரணித் தலைவரை வீழ்த்துவது, அல்லது மற்ற இருவரையும் வீழ்த்துவது. வீழ்த்துவது என்றால், தோள்களை மூன்று எண்ணும் வரை தரையில் அழுத்துவது அல்லது பிடியில் சரணடைய வைப்பது. ஆட்டம் தொடங்குமுன் தலைவர் யார் என்று அறிவிப்பதைக் கேட்டுவைத்துக்கொண்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்தது. ஒருவர் தோற்ற பிறகும் ஆட்டம் தொடர்ந்தால், அவர் தலைவர் இல்லை என்று பொருள்.

கையைத் தொடாமல் மாறுவதும் விதிதான். உள்ளே இருப்பவர் மேடையை விட்டுத் தரையில் இறங்கிய கணமே அவருடைய கூட்டாளி உள்ளே வரலாம். ஆட்டத்தின் வேகத்துக்கு இந்த விதியும் ஒரு காரணம். அடி வாங்கியவர் உருண்டு வெளியே விழுகிறார், அடுத்தவர் உள்ளே பாய்கிறார், அவரும் விழுந்தால் மூன்றாமவர். டெக்னிகோக்கள் வரிசையாக எதிரிகளை வெளியே தள்ளிவிட்டு, கடைசியில் மூவரும் ஒரே நேரத்தில் மூன்று பக்கமும் பாயும் காட்சியை இந்த விதி இல்லாமல் கட்டவே முடியாது. வெளியே விழுந்தவர் திரும்பி வர நடுவர் இருபது வரை எண்ணுவார்.

மூன்று சுற்றுகளுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. முதல் சுற்றில் தரைப் பிடிகள், ஒருவர் பிடியிலிருந்து இன்னொருவர் வெளிவரும் வழிகள். இதை யாவேயோ என்பார்கள். பலரும் இங்கே கைப்பேசியைப் பார்க்கப் போய்விடுகிறார்கள், அது பெரிய இழப்பு. மணிக்கட்டைப் பிடித்த கை எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்த முழங்கால் எதிராளியின் காலைப் பூட்டுகிறது என்று பார்க்கப் பழகினால், பாய்ச்சல்களைவிட இதுவே அதிகம் பிடித்துப்போகும். ப்ளூ பாந்தர், நெக்ரோ நவாரோ, சோலார் ஆகியோரின் பழைய ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். தப்பாத்தியா என்ற பிடியை இவர்களிடம்தான் நிதானமாகக் காணலாம். எதிராளி குப்புறக் கிடக்கிறார். அவருடைய முழங்கால் மடிப்புகளில் தன் பாதங்களை ஊன்றி, பின்னாலிருந்து அவருடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, பிடித்தவர் முதுகால் தரையில் சாய்கிறார். எதிராளி வில்லாக வளைந்து கூரையைப் பார்த்தபடி மேலே எழுகிறார். பிடித்தவரின் தோள்கள் இரண்டும் தரையில் படுவதால், கவனிக்காவிட்டால் நடுவர் அவருக்கு எதிராகவே எண்ணத் தொடங்கிவிடுவார். இரண்டாம் சுற்றில் ரூடோக்கள் மூவரும் ஒருவர் மேல் விழுவார்கள். மூன்றாவதில் பாய்ச்சல்கள் வெடிக்கும். இந்த வரிசை மாறினால், ஏதோ ஒன்றைச் சொல்லவே மாற்றியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தகுதியிழப்புக்கான காரணங்கள் சில: இடுப்புக்குக் கீழே அடிப்பது, எதிராளியின் முகமூடியைக் கழற்றுவது, மார்ட்டினேட்டே. கடைசியாகச் சொன்னது, எதிராளியைத் தலைகீழாகப் பிடித்து உச்சந்தலை தரையில் இடிபட இறக்குவது. கழுத்து முறியும் என்பதால் அதற்குத் தடை. ரூடோக்களின் சூழ்ச்சி இந்த விதிகளின் மேல்தான் கட்டப்படுகிறது. நடுவர் வேறு பக்கம் திரும்பியிருக்கும்போது ரூடோ தன் முகமூடியைத் தானே கழற்றி எதிராளியின் கையில் எறிந்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு கிடப்பார். நடுவர் திரும்பினால் கண்ணில் படுவது, கையில் முகமூடியோடு நிற்கும் அப்பாவி டெக்னிகோ. சுற்று போயிற்று. அடிபடாமலே கால்களுக்கு இடையே கையை வைத்து அலறுவதும் இதே வகை.

முகமூடிக்கு வருகிறேன். 1930களில் மல்லர்களுக்கு முகமூடி தைக்கத் தொடங்கிய அன்டோனியோ மார்ட்டினெஸ் காலணி செய்பவர். முதலில் தோல், இப்போது நீட்சித்துணியும் பளபளக்கும் செயற்கைத் துணிகளும். மேடையில் அணியும் முகமூடிக்குப் பின்தலையில் உச்சியிலிருந்து பிடரி வரை கயிறு கோத்து இறுக்குவார்கள், கயிற்றுக்கு அடியில் தலைமுடி தெரியாமல் ஒரு துணி நாக்கு. தளர்வாக இருந்தால் கண் துளை நகர்ந்து பார்வை போய்விடும். ரூடோ பின்னாலிருந்து அந்தக் கயிற்றை அவிழ்க்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள்: டெக்னிகோ ஒரு கையால் முகமூடியைப் பிடித்துக்கொள்கிறார். அதாவது ஒரு கை போய்விட்டது. சண்டையை இனி ஒற்றைக் கையால்தான் போட வேண்டும்.

பந்தய ஆட்டங்களில் தோற்றவர் முகமூடியை இழக்கிறார், அல்லது தலைமுடியை. 1940 ஜூலையில் முர்சியேலாகோ வெலாஸ்கெஸ் தன் முகமூடியை வைத்து, எடையில் கூடிய ஒக்டாவியோ கவோனாவிடம் அவர் முடியைப் பந்தயமாகக் கேட்டதிலிருந்து இந்த வழக்கம் வளர்ந்தது. முகமூடி போனால் அந்த மேடையிலேயே நின்று தன் சொந்தப் பெயர், சொந்த ஊர், எத்தனை ஆண்டுகளாக ஆடுகிறார் என்பதைச் சொல்ல வேண்டும். அந்த முகமூடியை மரபுப்படி மறுபடி அணிய முடியாது. உங்கள் ரே மிஸ்டீரியோ 1999இல் அமெரிக்காவின் இன்னொரு மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வில் முகமூடி இழந்து, 2002இல் டபிள்யூ.டபிள்யூ.இ.யில் மீண்டும் அணிந்தார். மெக்சிகோவின் ரசிகர்கள் அதைச் சுலபமாக ஏற்கக்கூடியவர்கள் அல்ல.

1952 நவம்பர் 7ஆம் தேதி அரேனா கொலிசேயோவில் சான்டோ, பிளாக் ஷேடோவின் முகமூடியைப் பறித்தார். பிளாக் ஷேடோவின் ஜோடி ப்ளூ டீமன். அடுத்த ஆண்டே ப்ளூ டீமன் சான்டோவைத் தோற்கடித்து உலக வெல்டர் எடைப் பட்டத்தைக் கைப்பற்றினார். ஒரு முகமூடி போனதன் விளைவாக இருபெரும் ஆட்டக்காரர்களுக்கு இடையே பிறந்த பகை பல ஆண்டு காலம் அரங்குகளை நிரப்பியது. அவர்கள் இருவரும் கடைசிவரை முகமூடி இழக்காமல், அதோடே அடக்கம் செய்யப்பட்டார்கள்.

ஏன் அழுகிறார்கள் என்று கேட்டீர்கள். 2000 மார்ச் 17 அன்று அரேனா மெஹிகோவில் அட்லாண்டிஸும் மூன்றாம் வியானோவும் மோதிய ஆட்டத்தைப் பாருங்கள், பதில் கிடைக்கும். மூன்றாம் வியானோ ரூடோ. மல்லர் ரே மென்டோசாவின் மகன். அந்தக் குடும்பத்தில் வியானோ என்ற பெயரில் ஐந்து சகோதரர்கள் ஆடினார்கள். அவர் தோற்று, கயிற்றை அவிழ்த்து, அர்துரோ டியாஸ் மென்டோசா என்று தன் பெயரைச் சொன்னபோது ரூடோவுக்காக அரங்கமே எழுந்து நின்றது. எத்தனையோ டெக்னிகோக்களைப் பறக்க விட்டுத் தாங்கிப் பிடித்த ஆளின் முகத்தை அன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிறார்கள்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியில் ரெலாம்பாகோ என்று ஓர் ஆட்டம் வந்தால் தவறவிடாதீர்கள்: ஒருவருக்கு ஒருவர், ஒரே சுற்று, பத்து நிமிட வரம்பு. ஆறு பேர் கூட்டத்தில் தொலையாமல், பறப்பவர் யார், பிடிப்பவர் யார் என்று பிரித்துப் பார்க்கப் பழக அதுதான் வசதி. அடுத்து சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டங்களுக்குப் போங்கள். அங்கே ரூடோகூட விதிப்படி ஆடுவது மரபு. பிடிகள் நிறையக் கிடைக்கும். ஆட்டம் மிகச் சிறப்பாக அமைந்துவிட்டால் முடிந்ததும் ரசிகர்கள் மேடைக்குக் காசு எறிவார்கள். அது அவமதிப்பு அல்ல, மிக உயர்ந்த பாராட்டு. அந்தக் காசு வென்றவருக்கு மட்டும் போவதில்லை, தோற்றவருக்கும் சேர்த்துத்தான்.

அன்புடன்.