எல்லை நிலத்தில் செழிக்கும் உயிர்களிடம் நாம் என்ன கற்கலாம்?

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் நீர் வடிந்த நேரத்தில் சேற்றைக் கூர்ந்து பாருங்கள். விரல் நீள மீன்கள் மார்புத் துடுப்புகளை ஊன்றித் தத்தித் தத்திப் போகும். கடலுக்கும் கரைக்கும் நடுவே வாழும் இந்தச் சேற்றுமீன்தான் எனக்கு ஆசான்.

தண்ணீரை விட்டு வெளியே வந்தாலும் அது தண்ணீரைக் கைவிடுவதில்லை. செவுள் அறைகளில் கொஞ்சம் நீரைச் சுமந்துகொண்டே வருகிறது. ஈரத்தோல் வழியாகவும் சுவாசிப்பதால், தோல் காயாதபடி அடிக்கடி சேற்றில் புரள்கிறது. தலை உச்சியில் துருத்தி நிற்கும் கண்களைக் குழிக்குள் இழுத்து நனைத்துக்கொள்கிறது. பிழைப்புக்காக வேற்றூர் போய், அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொண்டு, வீட்டில் தாய்மொழியையும் காப்பவர்களை நான் இப்படித்தான் பார்க்கிறேன். மாறுவதற்காகப் பழையதை முழுக்கத் துறக்க வேண்டியதில்லை. உயிர்வாழத் தேவையானதைக் கூடவே எடுத்துவந்தால் போதும்.

இதன் பொறுமை அதைவிடப் பெரிது. முட்டையிடச் சேற்றில் தோண்டும் வளைக்குள் தேங்கும் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஜப்பானில் வாழும் ஓர் இனத்தில், ஆண் மீன் வாய் நிறையக் காற்றை அள்ளிக்கொண்டு இறங்கி முட்டை அறையில் விடுகிறது; மீண்டும் மேலே வருகிறது, மீண்டும் இறங்குகிறது. முட்டை பொரியும் வேளை வந்ததும், தான் சேர்த்த காற்றைத் தானே வெளியேற்றி, ஏறிவரும் கடல்நீரை உள்ளே விடுகிறது.