காலண்டர் தாளில் ஓ.டி.பி.

கேள்வி: பெங்களூரில் எம்.எஸ்ஸி. சைக்காலஜி இரண்டாம் வருஷம் படிக்கிறேன். மனிதர்கள் இயந்திரத்தோடும் கம்ப்யூட்டரோடும் எப்படிப் பழகுகிறார்கள் என்று ஆராயும் ஹியூமன் ஃபேக்டர்ஸ்தான் என் சிறப்புப் பாடம். சொந்தக்காரர்கள் “பைத்தியத்துக்கு வைத்தியமா?” என்கிறார்கள். கிளினிக்கல் படிக்கும் தோழிகள் “நீ கம்ப்யூட்டர் ஆள்” என்று ஒதுக்குகிறார்கள். இன்டர்வியூவில் கோடிங் தெரியுமா, டிசைன் தெரியுமா என்கிறார்கள். நிறுத்திவிட்டு டிசைன் படிப்புக்கு மாறிவிடலாமா? வீட்டிலும் யாரிடமும் பேச முடியாது. அப்பா 32 வருஷம் லேத் ஓட்டி ரிடையர் ஆனவர். கரண்ட் பில்கூட போனில் கட்டத் தெரியாது. ஓ.டி.பி.யைக் காலண்டர் தாளில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான்தான் போனைப் பிடுங்கி இரண்டு நிமிஷத்தில் முடிப்பேன். அவரிடம் போய் என்ன ஆலோசனை கேட்பது?
– பெயர் வேண்டாம், ஸ்ரீராமபுரம்

பதில்: படிப்பை மாற்றுவது பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தக் காலண்டர் தாளுக்கு வா.

அவர் ஏன் எழுதிக்கொள்கிறார் என்று ஒருநாளாவது கேட்டாயா? எனக்கும் ஏறக்குறைய அதே வயசு, நான் சொல்கிறேன். மெசேஜ் மேலே எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். அதைத் தேடிப் போனால் பில் கட்டுகிற பக்கம் காணாமல் போகும். மறுபடி முதலிலிருந்து. இரண்டு தடவை பட்டவர் மூன்றாம் தடவை பேனாவை எடுக்கிறார். யாரோ விட்டுவைத்த ஓட்டையை உன் அப்பா கையில் கிடைத்த காகிதத்தால் அடைத்திருக்கிறார். இதையே பரீட்சையில் கேட்டால் இரண்டு பக்கம் எழுதுவாய். வீட்டில் நடந்தால் பிடுங்குகிறாய். என் பிள்ளையும் “குடும்மா” என்றுதான் பிடுங்குவான். அந்தக் குரல் எப்படிச் சுடும் என்று உனக்குத் தெரியாது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 விமானங்கள் நல்லபடியாகத் தரையிறங்கிய பிறகு சில விமானிகள் இறக்கையின் பின்பக்கம் இறங்கி ஏறும் பலகையான ஃபிளாப்பை உள்ளே இழுப்பதாக நினைத்துச் சக்கரத்தை இழுத்துவிட்டார்கள். விமானம் வயிறு உரசிப் படுத்துக்கொண்டது. பைலட்டின் தவறு என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டைப் பார்த்தார். இரண்டு ஸ்விட்சும் பக்கத்தில் பக்கத்தில், தொட்டால் ஒரே மாதிரி. ஒன்றில் குட்டி ரப்பர் சக்கரம், மற்றதில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு பொருத்தினார். இன்றைக்கும் விமானத்தில் சக்கரம் இறக்கும் பிடியின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது. உன் பாடம் பிறந்த கதை இது, முதல் செமஸ்டரிலேயே படித்திருப்பாய். படித்து என்ன?

அப்பாவிடம் என்ன கேட்பது என்கிறாயே, சக் சாவியைப் பற்றிக் கேள். லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ‘சக்’கைச் சாவியால் இறுக்கிவிட்டு அதை எடுக்க மறந்து மெஷினை ஓடவிட்டால் சாவி தெறித்து வந்து மண்டையைப் பிளக்கும். அதற்காகவே ஸ்பிரிங் வைத்த சாவி உண்டு, அழுத்துவதை விட்டால் தானே வெளியே தள்ளிக்கொண்டு வரும். யார் மறந்தார்கள், எந்த ஷிப்டில், அன்றைக்கு என்ன அவசரம், ஸ்பிரிங் சாவி ஆட்களுக்குப் பிடித்ததா – 32 வருஷத்துக் கதை அந்த மனிதரிடம் இருக்கிறது. உன் லைப்ரரியில் கிடைக்காது. அந்தச் சம்பளத்தில்தானே நீ பள்ளிக்கூடம் போனாய்?

பெற்றவரிடம் பத்து நிமிஷம் பொறுமை இல்லாதவள், முன்பின் தெரியாத ஒருவரை உட்கார வைத்து யூசர் டெஸ்டிங் செய்வாள் என்று நான் நம்ப மாட்டேன். பழைய பஞ்சாங்கம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

சரி, உன் கேள்வி. டிசைனுக்குப் போக வேண்டுமானால் ஐஐடி பாம்பே நடத்தும் சீட் (CEED) நுழைவுத் தேர்வு இருக்கிறது, அதை எழுத மூன்று வருஷப் பட்டம் போதும், இன்ஜினியரிங் வேண்டாம். ஆனால் சைக்காலஜியில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் பேசக் கூசாதே. பொத்தான் சிறுக்கச் சிறுக்க, தூரம் கூடக் கூட விரல் போய்ச் சேர நேரமாகும் என்று 1954-ல் கணக்குப் போட்ட பால் ஃபிட்ஸ் உளவியலாளர். மவுஸுக்கும் அந்தக் கணக்கு பொருந்துகிறது என்று 1978-ல் காட்டிய குழுவில் இருந்த ஸ்டூவர்ட் கார்டும் சைக்காலஜியில்தான் டாக்டர் பட்டம் வாங்கினார். கோடிங் கொஞ்சம் கற்றுக்கொள், கெட்டுப்போகாது.

எதையும் முடிவு செய்யும் முன் அடுத்த கரண்ட் பில் வரட்டும். அப்பாவுக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார். கை உன் மடியிலேயே இருக்கட்டும். அவர் கட்டைவிரல் எந்த இடத்தில் தயங்குகிறது என்று பார். “இப்ப என்னம்மா பண்றது?” என்றால், “உங்களுக்கு என்னப்பா தோணுது?” என்று மட்டும் கேள். நாற்பது நிமிஷம் ஆனாலும் ஆகட்டும். முடிந்ததும் அந்தக் காலண்டர் தாளைக் கேட்டு வாங்கி உன் புராஜெக்ட் ஃபைலில் வை.