வேலை போனபின் வீட்டுக் கடன் தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம், ஆனால் தவணை தவறுவதற்கு முன்பே கேளுங்கள். பாக்கி சேர்ந்தபிறகு போனால் அபராத வட்டியும் கூடவே நிற்கும்.

முதலில் சிங்கப்பூரின் மசே நிதி (மத்திய சேம நிதி, CPF) சாதாரணக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். சில மாதத் தவணைக்கு அதுவே போதலாம்.

கடன் வீவகவுடையது (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், HDB) என்றால், தவணையைக் கொஞ்ச காலம் குறைக்கவோ ஒத்திவைக்கவோ, கடன் காலத்தை நீட்டிக்கவோ விண்ணப்பிக்கலாம். வங்கிக் கடனுக்கும் இதே கோரிக்கைதான், முடிவு வங்கியின் கையில். வேலைநீக்கக் கடிதம், வரவு செலவுக் கணக்கு இரண்டையும் தயாராக வைத்திருங்கள். 'மாதம் இவ்வளவு கட்ட முடியும்' என்று நீங்களே ஒரு தொகை சொன்னால் பேச்சு எளிதாகும்.

காலத்தை நீட்டிப்பது சும்மா கிடைப்பதல்ல. 2.6% வட்டியில் 2 லட்சம் வெள்ளியை 15 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 1,343 வெள்ளி. 20 ஆண்டு என்றால் சுமார் 1,070. ஆனால் மொத்த வட்டி ஏறக்குறைய 15,000 வெள்ளி கூடும். வயதும் பார்ப்பார்கள், 60ஐ நெருங்குபவருக்கு நீட்டிப்பு கடினம்.

அப்புறம், கடன் அட்டையில் பணம் எடுத்துத் தவணை கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அட்டைக் கடனும் ஏற்கெனவே இருந்தால், கடன் ஆலோசனை தரும் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அமைப்பிடம் போய்ப் பேசுங்கள்.