இரண்டாம் நூலின் இருட்டு

அன்புள்ள ஐயா,

உர்சுலா லெ க்வினின் ‘எர்த்ஸீ’ வரிசையில் முதல் நூலைப் பற்றி நீங்கள் எழுதியதைக் கண்டு அதை வாங்கிப் படித்தேன். குளச்சலில் கடல் பார்த்து வளர்ந்த எனக்கு, மந்திரவாதி கெட் தனிப் படகில் தீவு தீவாக அலையும் கதை மிகவும் பிடித்துப்போயிற்று. அதே ஆவலோடு இரண்டாம் நூலைத் திறந்தால், அங்கே கடலும் இல்லை, நெடுநேரத்துக்குக் கெட்டும் இல்லை. ஏமாந்துபோனேன். பிழை என் வாசிப்பிலா?

வாசகர், குளச்சல்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஏமாற்றத்தைப் பிழை என்று சொல்ல மாட்டேன். 1968இல் வெளிவந்த முதல் நூல் திறந்த கடலின் கதை. 1971இல் நூலாக வந்த ‘தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’, பாலை நடுவிலுள்ள ஒரு வழிபாட்டிடத்துக்குள்ளும், அதன் கீழே விளக்கே கொண்டுசெல்லக் கூடாத குகைக்குள்ளும் நம்மை அடைத்துவிடுகிறது. முதல் நூல் தந்த இன்பத்தையே தேடிச் செல்பவருக்கு மூச்சு முட்டத்தான் செய்யும்.

ஆனால் கெட் ஏன் அவ்வளவு தாமதமாக வருகிறான் என்று எண்ணிப் பாருங்கள். குழந்தையிலேயே பெற்றோரிடமிருந்து எடுத்துவரப்பட்டு, பெயரும் பறிக்கப்பட்டு, பூசாரிணியாக்கப்பட்ட டெனார் அந்தக் குகையை விரல்களாலேயே அறிந்தவள். பூதப்பாண்டியில் எங்கள் பழைய வீட்டின் இருண்ட உள்ளறையான அரங்கில் என் ஆச்சி விளக்கில்லாமல் நுழைந்து, சுவரைத் தடவியபடியே சென்று, புளிப்பானையைச் சரியாகத் தொட்டு நிற்பார். டெனாரின் நடையைப் படித்தபோது அந்தக் கைதான் என் நினைவுக்கு வந்தது. பல பக்கங்கள் அவளோடு தடவி நடந்து நம் கண்ணும் இருட்டுக்குப் பழகிய பிறகே கெட்டின் கோலிலிருந்து ஒளி எழுகிறது. தான் ஆண்டுக்கணக்காக நடந்த இடம் படிகங்கள் மின்னும் பேரழகுக் குகை என்பதை டெனார் அப்போதுதான் முதன்முறையாகக் காண்கிறாள். கெட்டின் பின்னாலேயே நாம் உள்ளே நுழைந்திருந்தால், அது அவன் பார்த்த பல இடங்களில் இன்னொன்றாகவே நமக்கும் இருந்திருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. மூத்த பூசாரிணி கொஸிலின் கொடுமைக்குள் ஒரு மனிதமனத்தைக் காண நான் முயன்று தோற்றேன். தோழி பென்தே நன்றாக உருவாகி வரும்போதே கதையிலிருந்து நழுவிவிடுகிறாள். கட்டுக்கோப்பில் முதல் நூலே மேலானது என்று நீங்கள் வாதிட்டால் நான் மறுக்க மாட்டேன்.

எனினும் இரண்டாம் நூல் முதல் நூலுக்குச் செய்யும் ஓர் உதவி உண்டு. தன் மந்திரத்தால் விடுபட்ட தீய நிழலைத் துரத்திச் செல்லும் கெட், கரை தட்டி ஒதுங்கும் மணல்திட்டு உங்களுக்கு நினைவிருக்கும். நெடுங்காலம் முன்பு அங்கே கைவிடப்பட்டு முதுமையடைந்த அண்ணனும் தங்கையும். அவனைக் கண்டு அந்த அண்ணன் அஞ்சி ஒதுங்க, அவள் மட்டும் மெல்ல நெருங்கி, ஓர் உடைந்த வளையத் துண்டை அவன் கையில் வைக்கிறாள். அதன் மதிப்பு அப்போது அவனுக்குத் தெரியாது. பயணத்தின் அவசரத்தில் நாமும் அதைக் கடந்துவிடுகிறோம். அதன் மறுபாதி அட்டுவானின் இருட்டுக்குள் கிடக்கிறது என்று அறிந்தபின் நான் முதல் நூலை மீண்டும் எடுத்தேன். இம்முறை அந்த மணல்திட்டை விட்டுக் கெட் படகேறியபோதும், நான் அந்தக் கிழவியின் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றிருந்தேன்.

அன்புடன்