பழைய ஜீப்புக்கு இடுப்பு நோகாத சீட் எப்படித் தேர்ந்தெடுப்பது?

பழைய ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், கல் ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினாலே இடுப்பு பிடித்துக்கொள்கிறது, எந்த கார் சீட்டைக் கழற்றி மாட்டினால் சரியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு கோவை உக்கடத்தின் பழைய கார் பார்ட்ஸ் கடைகளில் நானும் அலைந்திருக்கிறேன், தப்பான சீட்டை வாங்கிக்கொண்டு வந்தும் இருக்கிறேன். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என்னுடையது மஹிந்திராவின் எம்எம் 540 ஜீப், செகண்ட் ஹேண்டில் எடுத்தது. முந்தைய ஓனர் போட்டிருந்த சீட் என்பது ஒரு பலகை, அதன்மேல் இரண்டு விரல் ஸ்பாஞ்ச், மேலே ரெக்சின், அவ்வளவுதான். ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடு, அதில் எந்த சீட்டும் நன்றாகத்தான் இருக்கும். எஸ்டேட் ரோட்டுக்குள் திரும்பியதும்தான் உடம்பு பேச ஆரம்பிக்கும். அதனால் ஒரு பெரிய செடான் காரிலிருந்து கழற்றிய சீட் இரண்டு வாங்கினேன். கடையில் உட்கார்ந்து பார்த்தபோது எழுந்திருக்கவே மனசு வரவில்லை, அப்படி ஒரு சோபா.

மாட்டிய பிறகுதான் தெரிந்தது, ரன்னரோடு (சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம்) சேர்த்து அது பழையதைவிட மூன்று அங்குலம் உயரம். ஸ்டியரிங் தொடையில் உரசுகிறது. முதல் பள்ளத்திலேயே மேல்கூரையைத் தாங்கும் ஹூட் பைப்பில் தலை 'டங்'கென்று இடித்தது. சீட்டின் பக்கவாட்டு மெத்தை புடைத்துக்கொண்டு நின்றதால் ஃபோர் வீல் லீவரை முழுசாகப் பின்னால் இழுக்க முடியவில்லை, இறங்கி ஏறும்போதெல்லாம் அதில் சிக்கிக்கொள்வது தனி. இத்தனைக்கும் இடுப்பு வலி குறைந்ததா என்றால் அதுவும் இல்லை.

காரணம் பிற்பாடுதான் புரிந்தது. உட்கார்ந்திருக்கும் உடம்பை அதிகம் வாட்டுவது நொடிக்கு 4 முதல் 8 தடவை மேலும் கீழும் ஆடும் ஆட்டம். மெத்தென்ற ஸ்பாஞ்ச் சீட் பெரும்பாலும் அந்த 4-ஐ ஒட்டித் தானும் சேர்ந்து ஆடும், அதாவது ஆட்டத்தைக் குறைக்க வேண்டிய சீட் கூட்டிக் கொடுக்கும். பெரிய பள்ளம் வந்தால் ஸ்பாஞ்ச் முழுக்க அமுங்கி அடித் தகரத்தில் போய் இடிக்கும். அதனால் கடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முழங்காலை சீட்டின் நடுவில் ஊன்றி உடம்பு எடை மொத்தத்தையும் போட்டுப் பாருங்கள், கீழே கம்பியோ தகரமோ தட்டுப்பட்டால் அது வேண்டாம்.

எனக்கு உண்மையில் உதவியது ஒரு பழைய பெட்ஷீட். வெறுத்துப்போய் பலகை சீட்டையே திரும்ப மாட்டிக்கொண்டு போன ஒரு நாள், பெட்ஷீட்டை நாலாக மடித்து சீட்டின் முன் விளிம்புக்கு அடியில் சொருகினேன். தொடை முழுசாக சீட்டில் படிந்தது. அதுவரை தொடை அந்தரத்தில் நின்று, எடை மொத்தமும் உட்காரும் எலும்பிலும் இடுப்பிலும்தான் இறங்கியிருக்கிறது! அன்று மூன்று மணி நேரம் ஓட்டினேன், இறங்கும்போது இடுப்பில் கை வைக்கவில்லை. சீட் வாங்கும் முன் நீங்களும் இதைச் செய்து பாருங்கள், செலவே இல்லை. இதிலேயே வலி பாதி குறைந்தால் சீட்டின் முன்பக்க போல்ட்டுகளுக்கு அடியில் ஒரு அங்குல இரும்பு புஷ் (குழாய்த் துண்டு) கொடுத்துத் தூக்கிவிட்டாலே போதும்.

அப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால், டேப்போடு கடைக்குப் போங்கள். தரையிலிருந்து இப்போதைய சீட்டின் உயரம், வீல் ஆர்ச்சுக்கும் லீவருக்கும் நடுவில் இருக்கும் அகலம், உட்கார்ந்தால் தலைக்கு மேல் இருக்கும் இடம், இந்த மூன்றும் கையில் இருக்க வேண்டும். கிளட்ச்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியே இருக்க வேண்டும், சீட்டின் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே மூன்று விரல் போக வேண்டும். நான் கடைசியில் போட்டது பொலேரோவின் முன் சீட். ஸ்டாண்டை வெட்டித் தாழ்த்தித்தான் உட்கார வைத்தோம். அந்த சோபா இரண்டும் இப்போது வீட்டுத் திண்ணையில் கிடக்கின்றன, அப்பாவுக்குப் பேப்பர் படிக்க வசதி.

சீட்டைத் தரையில் பொருத்தும் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தரைத் தகரத்தில் நேரடியாக நட்டு முடுக்கினால் மோதலில் பிய்த்துக்கொண்டு வரும். தரைக்கு அடியில் அகலமான பிளேட் வைத்து 8.8 கிரேடு என்கிற உறுதியான போல்ட் போடச் சொல்லுங்கள். பெல்ட்டின் பக்கிள் சீட் ஃபிரேமிலேயே இருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் உங்களைப் பிடித்து நிறுத்தப்போவதும் அதே போல்ட்தான். ஆர்சியில் இருக்கும் சீட் எண்ணிக்கையை மாற்றிவிடாதீர்கள்.

குஷன் வேலை செய்யும்போது, துணி கவர் மழையில் ஊறி நாற்றமடிக்கும், வழவழ ரெக்சின் இறக்கத்தில் ஆளை வழுக்கிக்கொண்டு போகும். சொரசொரப்பான ரெக்சினில் நடுப்பகுதி மட்டும் சின்ன ஓட்டை போட்டது கிடைக்கும், அதுதான் ஜீப்புக்கு லாயக்கு. உள்ளே அடி அடுக்குக்கு ரப்பர் பால் தெளித்த தேங்காய் நார் மெத்தை, மேலே 40 டென்சிட்டி ஸ்பாஞ்ச் என்று நான் போட்டேன். பொள்ளாச்சிக்காரனுக்கு நார் கிடைப்பது கஷ்டமா என்ன. தண்ணீர் தேங்காது, காற்றும் போகும்.

பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் உட்காருகிறவர்களை எந்த மெத்தையும் பெரிதாகக் காப்பாற்றாது, சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள், பிடித்துக்கொள்ள நல்ல கைப்பிடியாவது வைத்துக் கொடுங்கள்.

அப்புறம், சீட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் ஒரு தடவை வண்டிக்கு அடியில் குனிந்து, ஸ்பிரிங்காக வேலை செய்யும் கமான் பட்டைகளை எண்ணிப் பாருங்கள். லோடு அடிப்பதற்காகப் பழைய ஓனர்கள் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள், அதில் கமான் விறைத்துப்போய்க் குலுக்கல் நேராக சீட்டுக்கு வரும். என் வண்டியில் பின்னால் பக்கத்துக்கு ஒன்று கூடுதலாக இருந்தது, மீதிப் பட்டைகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. கூடுதலைக் கழற்றி, மற்றதைப் பிரித்து கிரீஸ் போட்டு மாட்டியது ஒரு நாள் வேலை. இதை நான் செய்தது சீட்டெல்லாம் மாற்றி முடித்து எட்டு மாதம் கழித்து.